சின்ன ர போட்ட அக்கரை

அன்புள்ள அக்காவுக்குச் சின்னவள் எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். நீயும் மாமாவும் குழந்தையும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் அம்மா என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்பாள். அவள் காதுபடப் பேச முடியாத விஷயம் இது. இன்னொன்றும் இருக்கிறது. தாளில் எழுதினால் நீ பாதியில் "மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்" என்று சொல்ல முடியாது.

உன் கம்பெனி நம் சோப்பின் பெயரைப் பிடுங்கப் பார்க்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

நீ கடல் தாண்டி அவர்களுடைய வெளிநாட்டுக் கிளையில் விற்பனையைப் பார்க்கிறாய். இங்கே தலைமை அலுவலகத்தில் நடப்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதுகிறேன். நமக்காக வாதாடப்போகிற வக்கீலம்மாவும், ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரி எழுதிப் பழகு, அதிகாரி முன்னால் உதவும் என்றார்.

போன வாரம் இரும்புப் பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குச் சரக்கு கொண்டுபோனேன். மூலைக்கடை மளிகைக்காரர், அப்பா இருந்த காலத்திலிருந்து நம்மிடம் வாங்குகிறவர், வண்டியிலிருந்து பெட்டியை இறக்கவே விடவில்லை. "உள்ள கொண்டாராதம்மா. கம்பெனி ஆளுங்க வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. அக்கரைங்கிற பேரு இனிமே அவங்களோடதாம். வேற யாரோட சரக்கு இருந்தாலும் கடைமேல கேஸ் போடுவாங்களாம்" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் கண்ணெதிரே அலமாரியிலிருந்து நம் கட்டிகளை எடுத்துத் தரையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார். அவை இருந்த இடத்துக்கு வேறு சோப்பு வந்தது. பளபளக்கிற உறை. இரண்டு கைகள் ஒரு குழந்தையின் சட்டையைப் பிடித்திருக்கிற படம். மேலே கொட்டை எழுத்தில் "அக்கரை".

நமக்கு இந்தப் பெயரை வைத்தது யார்? கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரத்துக்காரர்கள். இந்தப் பக்கம் சோப்புக் காய்ச்சுகிற பதினோரு குடும்பமும் மூட்டை தூக்குகிறவர்களும் குப்பை அள்ளுகிறவர்களும் இருந்ததால், பேர் சொல்லக்கூட நமக்குத் தகுதியில்லை என்று "அக்கரை" என்றார்கள். பஸ்ஸில் ஏறினால், "அக்கரை எல்லாம் பின்னாடி போ." சோப்புக்குப் போடுகிற காரத் தண்ணீர் கொதிக்கிற வாடை வந்தால், "அக்கரை நாத்தம்." அதே ஆட்கள்தான் துணி வெளுக்க வேண்டுமென்றால் கடையில் போய் அக்கரை சோப்பு கேட்டார்கள். சரி, கேட்கிறார்கள் என்று நாமும் கட்டியின் முதுகில் அதையே அச்சுக் குத்தினோம். திட்டிய வாயாலேயே கேட்க வைத்தோம். நம் ஆட்கள் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் பக்கத்து வீட்டுப் பீரங்கி அத்தையும் டிரேட் மார்க் பதிவு அலுவலகத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பதினோரு வீட்டுக்கும் சேர்த்துப் பெயரைப் பதியலாம் என்று போனோம். கவுண்டரில் இருந்தவர் மனுவைக்கூட வாங்கவில்லை. "அக்கரைங்கிறது இடத்தோட பேராச்சே. இடப்பேரை யாருக்கும் எழுதித் தரமாட்டாங்க. வேற பேரு வெச்சிட்டு வாங்க" என்றார். அத்தை போட்ட சத்தத்தில் காவலாளி வந்துவிட்டார். எனக்கோ அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இடத்தின் பெயர் எல்லோருக்கும் பொது. நமக்குக் கிடைக்காது என்றால் வேறு எவனுக்கும் கிடைக்காது. அந்தத் தைரியத்தில் திரும்பி வந்தோம். அவர் வாயால் சொன்னதோடு சரி, எழுதித் தரவில்லை.

இப்போது கம்பெனி அதே அலுவலகத்தில் கொடுத்திருக்கிற மனுவில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? வக்கீலம்மா படித்துக் காட்டினார். அக்கரை என்பது இடமே இல்லையாம். பரிவு, கவனம் என்று பொருள்படும் "அக்கறை"யைத்தான், பார்க்க வித்தியாசமாக இருக்கட்டுமென்று, பெரிய ற-வுக்குப் பதில் சின்ன ர போட்டு எழுதினார்களாம். அவர்களே கண்டுபிடித்த கற்பனைச் சொல்லாம். பள்ளிக்கூடத்தில் இதே சொல்லுக்காக உனக்கு விழுந்த அடி எனக்கு ஞாபகம் வந்தது. "உங்க ஏரியாவுக்குத்தான் சின்ன ர, அக்கறைக்குப் பெரிய ற. அது உங்களுக்கு எங்க வரப்போகுது" என்று டீச்சர் சொன்னார் அல்லவா? பீரங்கி அத்தையிடம் சொன்னேன். "நாம தப்பா எழுதினா பிரம்படி, அவங்க தப்பா எழுதினா டிரேட் மார்க்கா?" என்றாள்.

எதிர்ப்பு மனு கொடுத்துவிட்டோம். இது இடத்தின் பெயர்தான், ஜனங்கள் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று நாம் காட்ட வேண்டும். அதில்தான் சிக்கல். அரசாங்க வரைபடத்தில் அக்கரை கிடையாது. "வடக்குக் குடியிருப்பு, ஏழாம் பகுதி" என்றுதான் இருக்கிறது. ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. இத்தனை ஆயிரம் பேர் சொல்கிற பெயரை எவனும் எழுதி வைக்கவில்லை.

உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உன்னால் விசாரிக்க முடிந்தால் எழுது. போன வருஷம், ஆபீஸில் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று ஒரு பெட்டி சோப்பு கேட்டாயே. அம்மா நன்றாகக் காய்ந்த கட்டிகளாகப் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினாள். அதை யாரிடம் கொடுத்தாய்? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கவலைப்படாமல் தூங்குகிறாள். "பெரியவ உள்ள இருக்கால்ல, பாத்துக்குவா" என்கிறாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சின்னவள்

* * *

அக்காவுக்கு,

உன் செய்தி போனில் வந்தது. நான்கு பக்கக் கடிதத்துக்கு ஒரு வரி. "இதுல நீ தலையிடாதே, வேற பேரு வெச்சுக்கோங்க." பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் இனிக் கேட்கப்போவதில்லை.

வேறு பெயர் வைக்கலாம். பீரங்கி அத்தை ஒன்று யோசித்தே வைத்திருக்கிறாள். "நாசமாப்போன சோப்புன்னு வை. எவனும் திருடமாட்டான்." சிரித்தோம். சிரித்து முடித்துச் சுற்றிப் பார்த்தோம். உலர்த்துகிற தட்டுகளில் இடம் இல்லை. வெட்டிய கட்டிகள் கட்டிலுக்கு அடியிலும் குளியலறை மேடையிலும் கிடக்கின்றன. அச்சிலிருந்து எடுத்த பாளத்தைக் கம்பியால் மயிரிழை பிசகாமல் அறுப்பாரே, கம்பி மாமா, அவர் சரக்கு லாரிக்கு ஏற்றுக்கூலியாகப் போய்விட்டார். மூன்று வீட்டில் கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். ஜனங்கள் கடையில் நம் முகத்தைக் கேட்பதில்லை, பெயரைக் கேட்கிறார்கள். பெயரைக் கேட்டு வருகிறவர் கையில் கம்பெனிக் கட்டியைக் கொடுக்கிறார்கள். நம்முடையது என்று நினைத்துத்தான் வாங்கிப் போகிறார்கள். நீ விற்பனையில் இருக்கிறாய். பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேற்று விசாரணை நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அது கோர்ட்டு மாதிரி இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், அதிகாரி மேஜைமேல் பைல்கள், அவர் பக்கம் மட்டும் திரும்புகிற மின்விசிறி. நான், அம்மா, வக்கீலம்மா ஒரு பக்கம். அந்தப் பக்கம் கம்பெனி வக்கீலும் இரண்டு ஜூனியர்களும். அம்மா நல்ல துணி உடுத்தியிருந்தாள். காரம் பட்டு வெடித்த விரல்கள் தெரியக்கூடாது என்று கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

கம்பெனி வக்கீல் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரித்த முகத்தோடு பேசினார். "சார், அக்கரைன்னா எதிர்ப்பக்கக் கரை. அவ்வளவுதான். இந்தப் பக்கம் நின்னா அது அக்கரை, அந்தப் பக்கம் நின்னா இது அக்கரை. ஆளு நகர நகரக் கூடவே நகர்ற ஒரு வார்த்தை எப்படி சார் இடத்தோட பேராகும்? மேப்புல எங்க இருக்கு, காட்டச் சொல்லுங்க" என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். எனக்கே கேட்பதற்கு அவ்வளவு சரியாக இருந்தது.

நம் வக்கீலம்மா வயசில் சின்னவர், ஆனால் விடவில்லை. எழுந்து நின்று, "சார், அவர் சொல்ற மாதிரி இருந்தா, அங்க குடியிருக்கிறவங்க நகரத்தைத்தானே அக்கரைன்னு சொல்லணும்? அப்படி ஒருத்தரும் சொல்றதில்லை. தன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே, நான் அக்கரையில இருக்கேன்னுதான் சொல்றாங்க. பாலத்தைத் தாண்டினாலும் மாறாத வார்த்தை சார் இது. மாறாததுக்குப் பேர்தான் பேரு. அங்கயே சோப்புக் காய்ச்சுற அம்மா இங்க இருக்காங்க. நீங்களே கேளுங்க" என்றார்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அக்கா, அந்த நிமிஷம் நாம் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். கம்பெனி வக்கீலின் சிரிப்புக்கூடக் குறைந்திருந்தது. அம்மா வாழ்நாளில் ஒரு நாள் தவறாமல் சொல்கிற வார்த்தை. காய்கறி வாங்கும்போது, சண்டை போடும்போது, உன்னைப் பெற்ற கதையைச் சொல்லும்போது.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க எங்கம்மா குடியிருக்கீங்க?"

அம்மா எழுந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "வடக்குக் குடியிருப்பு, ஏழாம் பகுதிங்க ஐயா" என்றாள்.

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. கம்பெனி வக்கீல் கையை விரித்துக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்தப் பேனா நகர்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும், ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவே இல்லை. "ஆபீஸ்ல கேட்டா அப்படித்தானே சொல்லணும்? அக்கரைன்னு சொன்னா உக்காரவெச்சிடுவாங்க, கடைசியா கூப்பிடுவாங்கன்னு பெரியவதானே சொல்லிக்குடுத்தா?" என்றாள். ஆமாம், நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஆஸ்பத்திரியில், ரேஷன் ஆபீஸில், எனக்குப் பள்ளியில் இடம் கேட்கப் போனபோது. நீ சொல்லிக்கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. நம்மை வாயை மூட வைத்தவர்களே இன்று, இவர்கள் வாயில் அந்தப் பெயரே வரவில்லை பாருங்கள் என்கிறார்கள். எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் உடைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் அலுமினியம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். முடிக்கிற நேரத்தில் கம்பெனி வக்கீல் ஒன்று சொன்னார். "அந்தப் பகுதியிலயே பிறந்து வளர்ந்து படிச்ச ஒருத்தர் எங்க கம்பெனியில பொறுப்பான பதவியில இருக்காங்க. அவங்களே பிரமாணப் பத்திரம் தருவாங்க. அதுக்கு டைம் வேணும்" என்றார். மாதக் கடைசி வரை அதிகாரி நேரம் கொடுத்தார்.

அக்கரையில் பிறந்து அந்தக் கம்பெனியில் மூட்டை தூக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறுப்பான பதவியில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இது வேறு யாரோ என்று எழுது. நான் நம்புகிறேன்.

சின்னவள்

* * *

அன்புள்ள அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உன் கையில் நேராகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை வக்கீலம்மா கூப்பிட்டார். சாட்சியின் பெயரைக் கொடுத்துவிட்டார்களாம். அவர் சொல்வதற்கு முன்னாலேயே, தெரியும் என்றேன். பத்திரம் இங்கே தட்டச்சாகி உனக்கு வந்து சேர்ந்திருக்கும், நோட்டரி முன்னால் நீ கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி என்றார். அதில் என்ன இருக்கும் என்று கேட்டேன். "அங்கதான் பிறந்தேன், அப்படி ஒரு இடப்பேரை நான் கேள்விப்பட்டதே இல்லைன்னு இருக்கும். வேற எதுக்கு உங்க அக்காவைத் தேடுவாங்க?" என்றார்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. வேலை அவர்கள் கொடுத்தது, குடியிருக்கிற வீடு அவர்கள் கொடுத்தது. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று உன்னிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல்தான் அவர்கள் எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள். உன் மாமியார் வீட்டில் நீ நகரத்துப் பெண். கல்யாணப் பத்திரிகையில் நம் வீட்டுக்குப் பதில் நகரத்துச் சித்தப்பா வீட்டு முகவரியைப் பார்த்தபோதே அது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது நாம் காய்ச்சுகிற பெரிய கொப்பரை நீ வாங்கிக் கொடுத்தது. அதையும் மறக்கவில்லை. உன்மேல் கோபப்படும்போதெல்லாம் அது எதிரே வந்து நிற்கிறது.

ஆனால் இங்கே நடப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

விசாரணை அறையில் கம்பெனி வக்கீல் கடைசியாகச் சொன்னதை அம்மாவும் கேட்டாள் அல்லவா? "அங்கயே பிறந்து வளர்ந்த ஒருத்தர் சாட்சி சொல்லுவாங்க" என்பது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. யாருக்குச் சாட்சி என்பது விழவில்லை. பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவள் வருத்தத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். பாலத்தில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி, கடைசியில அவங்களே நம்ம பெரியவளைத்தான் கூப்பிடறாங்க. நான் உளறினா என்ன, அவ படிச்சவ, தெளிவா சொல்லிடுவா" என்றாள்.

வீட்டுக்கு வருவதற்குள் மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள். பீரங்கி அத்தைக்குத் தெரிந்தால் மைக் வைத்த மாதிரிதானே. தெரு முழுக்க இப்போது இதே பேச்சு. கவிழ்த்து வைத்த கொப்பரைகளில் இரண்டை நிமிர்த்திவிட்டார்கள். கம்பி மாமா லாரி வேலைக்குப் போகாமல் வந்து, "பெரியவ பாப்பா சொல்லப்போறாளாமே" என்று நம் பாளத்தை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். அம்மா எல்லோரிடமும், "அவளுக்கு வேலைக்கு ஏதும் இடைஞ்சல் வந்துடக்கூடாது, அதுதான் பயமா இருக்கு" என்கிறாள். உன் தைரியத்தை நினைத்துப் பெருமைப்படுகிறாள், அதற்காகவே பயப்படுகிறாள். நான் கொப்பரையைக் கிளறிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. வக்கீலம்மாவையும் சொல்லவிடவில்லை. "உங்கம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, இன்னிக்கே சொல்லிடு, அப்புறம் தாங்கமாட்டாங்க" என்று அவர் சொல்கிறார். சொல்லத்தான் வேண்டும். நேற்று இரண்டு தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை, அங்கே குளிர் அதிகமாமே, அவளுக்கு மூக்கடைப்பு வருமே என்றாள். இரண்டாவது தடவை, சாட்சி சொல்கிற அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், போனில் மறக்காமல் சொல்லு என்றாள். இதோ, சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ பிறந்த இடத்துக்கு என்ன பெயர் என்பது அவர்கள் தட்டச்சு செய்து அனுப்பித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைக்கு என் முத்தம். அம்மா உன்னைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று வக்கீலம்மா சொல்கிறார். நான் இன்னும் அம்மா பக்கம்தான் இருக்கிறேன். என்னை அங்கிருந்து நகர்த்திவிடாதே அக்கா.

உன் தங்கை,
சின்னவள்